மதுரை வெயிலில் மொஹிட்டோ: வீட்டில் கலக்க முழு வழிகாட்டி

மதுரையில் ஜூஸ் கடைகளில் மொஜிட்டோ என்று கேட்டால் பல இடங்களில் பச்சைச் சிரப்பில் சோடாவை ஊற்றிக் கொடுக்கிறார்கள். அசல் பானம் பச்சையாகவே இருக்காது. கியூபாவின் ஹவானா ஊரோடு சேர்த்துச் சொல்லப்படும் மொஹிட்டோவில் வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சீனி, புதினா, சோடா என்று ஐந்தே பொருள்கள்தான். ஐஸை ஆறாவதாக வைத்துக்கொள்ளலாம். டம்ளரில் பார்த்தால் எலுமிச்சைச் சாற்றின் லேசான மங்கல் மட்டும் தெரியும். நடுவே புதினா இலைகள் முழுசாக மிதக்கும்.

பொருள் குறைவு என்பதால் தவறை ஒளித்துவைக்க இடமில்லை. வீட்டில் கலக்கும்போது கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். புதினாவைச் சட்னிக்கு அரைப்பதுபோல நசுக்கிவிடுவது ஒன்று. ஐஸைக் கஞ்சத்தனமாகப் போடுவது இன்னொன்று. இந்த இரண்டையும் சரி செய்துவிட்டால் மற்றதெல்லாம் அளவுக் கணக்குதான்.

ஒரு டம்ளருக்கு அளவு

வெள்ளை ரம் 45 மில்லி
எலுமிச்சைச் சாறு 20 மில்லி
சீனிப்பாகு 15 மில்லி
புதினா இலை 10 (பெரிய இலையானால் 7 போதும்), மேலே செருக ஒரு கொழுந்து
குளிர்ந்த சோடா 90 மில்லி
ஐஸ் 6 கட்டி, ஏறக்குறைய 150 கிராம்

இதற்கு 350 மில்லி பிடிக்கும் டம்ளர் வேண்டும். வீட்டிலிருக்கும் காபி டம்ளரில் பாதிகூட அடங்காது. உயரமான கண்ணாடி டம்ளர் பார்க்க அழகு. சில்வர் டம்ளரும் நன்றாகவே வேலை செய்யும். ஃப்ரீசரில் வைத்தால் சீக்கிரம் குளிர்ந்துவிடும், ஆனால் கையின் சூட்டையும் அதே வேகத்தில் உள்ளே கடத்தும். அதனால் சில்வர் டம்ளரானால் அடியில் ஒரு துணியைச் சுற்றிப் பிடிப்பது நல்லது.

அளப்பதற்கு பெக் அளவி இல்லையென்றால் மெடிக்கலில் 10 மில்லி சிரிஞ்ச் ஒன்றை ஊசி இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறைக் கரண்டிகளை நம்ப முடியாது; டீஸ்பூன் என்று நாம் எடுப்பது ஒரு வீட்டில் 4 மில்லி பிடிக்கும், இன்னொரு வீட்டில் 7 பிடிக்கும். எலுமிச்சையில் 5 மில்லி கூடினாலே முகம் சுளிக்கும் அளவுக்குப் புளிப்பு ஏறிவிடும்.

புதினா வாங்குவது

காலையிலேயே வாங்க வேண்டும். அண்ணாநகர் உழவர் சந்தை இதற்குத் தோதான இடம். 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது அங்கேதான். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டிலும் விடியற்காலையில் நல்ல கட்டு கிடைக்கும். பத்து மணிக்கு மேல் தள்ளுவண்டியில் இருப்பது தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காப்பாற்றப்பட்ட புதினா. சட்னிக்கு அது ஆகும். இந்தப் பானத்தில் புதினாவின் வாசனை மட்டுமே முன்னால் நிற்பதால் இதற்கு ஆகாது.

கட்டை எடுத்ததும் நுனிக் கொழுந்தைப் பாருங்கள், நிமிர்ந்து நிற்க வேண்டும். பூ வைத்திருந்தால் விட்டுவிடுங்கள். பூத்த செடியின் இலையில் கசப்பு கூடுதல். கருப்புப் புள்ளி விழுந்த இலைகளைக் கழித்துவிடுங்கள். கியூபாவில் இதற்குப் பயன்படுத்தும் புதினா வேறு இனம், நம் மார்க்கெட் புதினாவைவிடக் கொஞ்சம் மென்மையான வாசனை உள்ளது. நம்முடையது ஒருபடி காரமாக இருப்பதால்தான் இலையின் எண்ணிக்கையைப் பத்தோடு நிறுத்தியிருக்கிறோம்.

கட்டைப் பிரித்து, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, இலைகளை அதில் அலசி எடுங்கள். இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்ற வேண்டும்; அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். பிறகு பருத்தித் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டுமானால் தண்டின் நுனியை வெட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் பூங்கொத்துபோல நிறுத்தி, மேலே ஒரு கவரைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம் வையுங்கள். ஃப்ரீசருக்குக் கீழே ஒட்டினாற்போல வைத்தால் இலை கருத்துவிடும்.

எலுமிச்சை

நம் ஊர் நாட்டு எலுமிச்சைதான் இதற்குச் சரியான பழம். கியூபாக்காரர்கள் பிழிவதும் இந்தப் புளிப்புக் குடும்பத்தைச் சேர்ந்ததைத்தான். கடைகளில் பளபளப்பாக வரும் பெரிய மஞ்சள் லெமன் வேண்டாம். மதுரைக்குத் தெற்கே புளியங்குடியும் கடையமும் எலுமிச்சைக்குப் பேர்போன ஊர்கள். தோல் மெல்லியதாக, கையில் எடுத்தால் கனமாக, அமுக்கினால் லேசாக இறங்கும் பழமாகப் பார்த்து எடுங்கள். அப்படிப்பட்ட நடுத்தரப் பழம் ஒன்றில் 15 முதல் 20 மில்லி சாறு வரும். ஆளுக்கு ஒன்றரைப் பழம் என்று கணக்கு வைத்தால் குறைவு வராது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை அப்படியே பிழிந்தால் பாதிச் சாறு உள்ளேயே தங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டுக் குறுக்கே வெட்டுங்கள். தோலைத் திருப்பித் திருப்பிக் கசக்கிக் கடைசிச் சொட்டுவரை எடுக்காதீர்கள். அந்தக் கடைசிச் சொட்டில் வெள்ளைத் தோலின் கசப்பும் வரும். விதையை வடிகட்டிவிட வேண்டும். பிழிந்த சாற்றை நான்கைந்து மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். மறுநாளுக்கு வைத்தால் மணம் போய் ஒரு தட்டையான கசப்பு ஏறும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது. எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு மொட்டைமாடி வெயிலில் நின்றால், சாற்றிலும் பழத்தோலிலும் உள்ள ஒருவகைப் பொருள் சூரிய ஒளியோடு வினைபுரிந்து கைத்தோலைச் சுட்டதுபோலக் கொப்புளமாக்கும். உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து எரியும். தழும்பு வாரக்கணக்கில் கருப்பாக நிற்கும். பிழிந்து முடித்ததும் சோப்புப் போட்டு விரலிடுக்கு வரை கழுவிவிட்டு வெளியே போங்கள்.

சீனிப்பாகு

சீனியை அப்படியே டம்ளரில் போட்டு இலையோடு தேய்ப்பது பழைய முறை. நம் கடைச் சீனியின் பரல் பெரியது. அது மணல்தாள்போல இலையைக் கிழிக்கும்; குளிர்ந்த ரம்மில் கரையவும் கரையாது. முதல் வாய் புளிப்பு, கடைசி வாய் வெல்லப்பாகு என்று ஆவது அதனால்தான். பொடித்த சீனி பரவாயில்லை, ஆனால் கேக்கிற்கென்று கடையில் விற்கும் பொடியில் சோளமாவு கலந்திருக்கும், பானம் கலங்கிவிடும்.

பாகு எளிது. 100 கிராம் சீனி, 100 கிராம் தண்ணீர். சூடாக்கி, சீனி கரைந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப்பதம் பார்க்கிற வேலையெல்லாம் கிடையாது. கொதிக்க விட்டால் தண்ணீர் வற்றி இனிப்பின் அளவு மாறிவிடும். ஆறிய பிறகு ஏறக்குறைய 160 மில்லி பாகு வரும், அதாவது பத்து டம்ளருக்கு. சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். 15 மில்லியில் ஏறக்குறைய 9 கிராம் சீனி இருக்கிறது. இனிப்பு விரும்புகிறவர்களுக்கு இன்னும் 5 மில்லி கூட்டலாம், அதற்கு மேல் போனால் சர்பத் ஆகிவிடும்.

கருப்பட்டிப் பாகு போடலாமா என்ற கேள்வி வரும். வேண்டாம், அதன் புகைவாசம் புதினாவை அமுக்கிவிடும். கரும்புச்சாறும் சரிவராது, இனிப்பு குறைவு, தண்ணீர் அதிகம் என்பதால் பானம் நீர்த்துப்போகும்.

ரம்

வெள்ளை ரம் என்பது கரும்பு வெல்லப்பாகை நொதிக்க வைத்து வடித்து, மரப்பீப்பாயின் நிறம் இல்லாமலோ நிறத்தை வடிகட்டி நீக்கியோ வருவது. டாஸ்மாக்கில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. எலைட் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நம் ஊரில் விற்கும் ரம் பாட்டில்களில் பெரும்பாலும் 42.8 சதவீத ஆல்கஹால் என்று போட்டிருக்கும், இங்கே சொல்லும் அளவுகள் அந்தக் கணக்கில்தான். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, சரியாக நான்கு டம்ளருக்கு வரும்.

கருப்பு ரம் மட்டும்தான் கிடைத்தது என்றால்? செய்யலாம், ஆனால் அது வேறொரு பானம் என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள். கருப்பு ரம்மில் கருகிய சீனியும் வெனிலா மணமும் இருக்கும். புதினா பின்னால் போய்விடும். பாகை 10 மில்லியாகக் குறைத்து, எலுமிச்சையை 25 ஆக்குங்கள். நன்னாரிக்கு இங்கேதான் வேலை. நன்னாரி வேரின் மணப்பொருள் வெனிலாவின் மணப்பொருளுக்கு மிக நெருங்கிய உறவு, அதனால் கருப்பு ரம்மோடு அழகாகச் சேரும். சீனிப்பாகுக்குப் பதில் 10 மில்லி நன்னாரி சர்பத்தை ஊற்றிப் பாருங்கள். வெள்ளை ரம்மில் இதைச் செய்தால் மணங்கள் ஒன்றோடொன்று மோதும்.

முத்திரை உடையாத பாட்டிலைக் கடையில் வாங்குவது மட்டுமே பாதுகாப்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. மெத்தனாலை ருசியிலோ வாசனையிலோ கண்டுபிடிக்க முடியாது. ‘தெரிந்தவர் கொடுத்தது’ என்று வரும் லேபிள் இல்லாத பாட்டிலை எலுமிச்சையும் புதினாவும் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், மே தினம் போன்ற நாட்களில் கடை இருக்காது. விருந்தைத் திட்டமிடும்போது காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோடாவும் ஐஸும்

சோடா என்றால் வெறும் சோடா. பன்னீர் சோடா, லெமன் சோடா எல்லாம் இனிப்பும் வாசனையும் சேர்ந்தவை, இதற்கு ஆகாது. இனிப்பில்லாத கோலி சோடா கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். கோலியை உள்ளே தள்ளிய உடனே ஊற்றிவிட வேண்டும், திறந்து வைத்து எதற்கும் காத்திருக்கக் கூடாது. எந்தச் சோடாவானாலும் குறைந்தது நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்திருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் வாயுவைப் பிடித்து வைத்திருக்கும்; சூடேறிய சோடாவை ஐஸ் மேல் ஊற்றினால் வாயு முழுவதும் நுரையாகப் பொங்கி ஓடிவிடும், டம்ளரில் மிஞ்சுவது தண்ணீர்தான்.

இனி ஐஸ். கரைந்து நீர்த்துவிடுமே என்று பயந்து இரண்டு கட்டி மட்டும் போடுகிறார்கள். நடப்பது நேர்மாறு. இரண்டு கட்டியால் மொத்தப் பானத்தையும் குளிர்விக்க முடியாது, அதனால் இரண்டும் முழுசாகக் கரைந்து தீர்ந்துபோகும். பானம் வெதுவெதுப்பாகவும் நீர்த்தும் நிற்கும். டம்ளர் விளிம்புவரை ஐஸ் நிரம்பியிருந்தால் ஆரம்பத்தில் கொஞ்சம் கரைந்து, பானம் சில்லிட்டவுடன் கரைவது மெதுவாகிவிடும். சித்திரை மாதத்தில், 40 டிகிரி வெயில் அடங்காத மாலையில், இந்த ஒரு விஷயம்தான் நல்ல பானத்தையும் வீணான பானத்தையும் பிரிக்கிறது. பாரில் கொடுப்பதுபோல இடித்த ஐஸ் அழகாக இருக்கும், ஆனால் நம் வெயிலில் ஐந்தே நிமிடத்தில் கரைந்துவிடும். அடியில் முழுக் கட்டிகள், மேலே மட்டும் ஒரு பிடி இடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடிப்பதற்கு ஐஸைத் தடித்த துண்டில் முடிந்து சப்பாத்திக்கட்டையால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பதும் ருசியில் தெரியும். மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. அதில் செய்த ஐஸ் கரையக் கரைய எலுமிச்சையின் புளிப்பு மழுங்கும். குடிக்கிற தண்ணீரில்தான் ஐஸ் உறைய வைக்க வேண்டும். மீன் கடைக்குப் போகும் பாளம் ஐஸ் குடிப்பதற்காகச் செய்யப்படுவதல்ல, அதை டம்ளரில் போடவே கூடாது. வீட்டு ஐஸ் டிரேயில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பதினான்கு கட்டிதான் வரும், அது இரண்டு டம்ளருக்கே சரி. நான்கு பேர் வருகிறார்கள் என்றால் முந்தின நாளே ஆரம்பித்து, உறைந்ததைக் கவரில் போட்டுச் சேர்த்து வையுங்கள். கரண்ட் போகும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கலக்கும் முறை

1. டம்ளரைக் கால்மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்.

2. பாகை ஊற்றி, அதன் மேல் பத்து இலைகளைப் போடுங்கள். தண்டு வேண்டாம்.

3. சப்பாத்திக்கட்டையின் முனையையோ மரக்கரண்டியின் அடிப்பக்கத்தையோ இலைமேல் வைத்து மெதுவாக அழுத்திச் சற்றே திருப்புங்கள். ஐந்து அல்லது ஆறு தடவை, அவ்வளவுதான். புதினாவின் வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய பைகளில் இருக்கிறது, சிறு அழுத்தத்திலேயே அவை உடைந்துவிடும். அதற்கு மேல் இடித்தால் உடைவது இலையின் உள்சதை. பச்சையமும் கசப்பும் வெளியே வந்து, புல்லை மென்றதுபோல ருசி மாறி, கொஞ்ச நேரத்தில் பானம் பழுப்பேறும். பருப்பு மத்து கையருகே இருந்தாலும் எடுக்காதீர்கள், அதன் வரிப்பள்ளங்கள் இலையைக் கிழித்துவிடும். உரலும் மிக்ஸியும் இந்தப் பானத்துக்கு எதிரிகள். சரியாகச் செய்திருந்தால் இலை காயம்பட்டு வதங்கினாற்போல இருக்கும், ஆனால் முழுசாக இருக்கும். குனிந்தால் வாசனை மூக்கில் ஏறும்.

4. எலுமிச்சைச் சாறு 20 மில்லி, ரம் 45 மில்லி. நீளக் கரண்டியால் கலக்குங்கள். இந்தக் கட்டத்தில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். புளிப்பும் இனிப்பும் இரண்டுமே சற்று அதிகமாகத் தெரிய வேண்டும், சோடாவும் ஐஸும் சேர்ந்ததும் அடங்கிவிடும்.

5. பாதி ஐஸைப் போட்டுப் பத்து விநாடி கலக்கி, மீதியையும் போட்டு விளிம்புவரை நிரப்புங்கள்.

6. டம்ளரைச் சற்றே சாய்த்து, உட்சுவர் ஓரமாக 90 மில்லி சோடாவை ஊற்றுங்கள். கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்கி விடுங்கள். சுற்றிச் சுற்றிக் கலக்கினால் வாயு போய்விடும்.

7. ஒரு புதினாக் கொழுந்தை உள்ளங்கையில் வைத்து, மறு கையால் ஒரு தட்டுத் தட்டி, மேலே செருகுங்கள். ஸ்ட்ரா வைப்பதானால் குட்டையாக வெட்டி, கொழுந்துக்குப் பக்கத்தில் வையுங்கள். உறிஞ்சும்போது மூக்கு புதினாவின் மேலேயே வர வேண்டும், பாதி ருசி அந்த மணத்தில்தான் இருக்கிறது. அழகுக்கு மல்லிகை வைக்கத் தோன்றலாம், மதுரை ஆயிற்றே. மார்க்கெட் மல்லி சாப்பிடுவதற்காக விளைவித்தது அல்ல, மருந்து அடித்திருக்கும். தலையில் வைக்கத்தான் அது.

பலருக்குச் செய்யும்போது

ஆறு பேருக்கு ரம் 270, எலுமிச்சைச் சாறு 120, பாகு 90 மில்லி ஆகியவற்றை ஒரு பாட்டிலில் கலந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மொத்தம் 480, ஆளுக்கு 80 மில்லி. விருந்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் கலந்தால் போதும். புதினாவை மட்டும் இதில் போடவே கூடாது, ஊற ஊறக் கருத்துவிடும். ஒவ்வொரு டம்ளரிலும் இலையைத் தனித்தனியாக அழுத்தி, பாட்டிலைக் குலுக்கி 80 மில்லி அளந்து ஊற்றி, ஐஸும் சோடாவும் சேர்த்தால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இலையை அழுத்த வறண்ட டம்ளரில் முடியாதென்றால், அந்த 80 மில்லியை ஊற்றிவிட்டு அதிலேயே அழுத்துங்கள்.

குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி டம்ளர்களில், தனி இடத்தில் வைத்துச் செய்யுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மாறிவிடக் கூடாது. ரம் இல்லாததற்கு எலுமிச்சையை 15 ஆகக் குறைத்து, சோடாவை 140 ஆக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். ரம் தரும் கனம் இல்லாத குறையை அந்த உப்பு ஓரளவு ஈடுசெய்யும்.

வலுவைக் குறைத்து எடைபோடாதீர்கள்

குளிர்ச்சியும் புளிப்பும் சேர்ந்து ரம்மின் எரிச்சலை மறைத்துவிடுவதால், இது ஜூஸ்போல இறங்கும். கணக்கு வேறு. 45 மில்லி ரம்மில் 19 மில்லிக்குச் சற்று மேல் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீர் 330 மில்லி டின் ஒன்றில் இருப்பதைவிட அதிகம். ஐஸ் கரைந்த பிறகும் டம்ளரில் ஏறக்குறைய 10 சதவீத வலு நிற்கும். 60 மில்லி லார்ஜ் ஊற்றுவதால் ருசி கூடாது, புதினா மறைந்துபோவதுதான் மிச்சம். வெயிலில் அலைந்துவிட்டு வந்த தாகத்தை இதில் தீர்க்கக் கூடாது; முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர், வயிற்றில் கொஞ்சம் சாப்பாடு, பிறகு இது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பதுதான் சட்டத்தின் எல்லை. எத்தனை குடித்தால் அதற்குள் நிற்கும் என்று கணக்குப் போடாமல், குடித்த இரவு சாவியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சர்க்கரை நோய்க்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களும், மெட்ரோனிடசோல் போன்ற மருந்து ஓடிக்கொண்டிருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

தொட்டுக்கொள்ள வறுத்த நிலக்கடலை, பட்டாணி சுண்டல், வெள்ளரிக்காய் எல்லாம் சரியாகப் போகும். மட்டன் சுக்காவும் கோலா உருண்டையும் மதுரைக்காரர்கள் விடப்போவதில்லை. மிளகுக் காரத்தைக் கொஞ்சம் குறைத்துச் செய்யுங்கள், ஆல்கஹாலும் சோடாவும் காரத்தை நாக்கில் இன்னும் ஏற்றிவிடும்.

ருசி சரியில்லை என்றால்

கசந்தால் இலையை அதிகம் இடித்திருக்கிறீர்கள், அல்லது எலுமிச்சைத் தோலைக் கசக்கியிருக்கிறீர்கள். அதைத் திருத்த முடியாது; இன்னும் பாகு ஊற்றினால் இனிப்பான கசப்பாகத்தான் மாறும். புதிதாகச் செய்யுங்கள். புளிப்பு மட்டும் தூக்கலாக இருந்தால் 5 மில்லி பாகு போதும். இனிப்பு தூக்கலாக இருந்தால் தண்ணீர் விடாமல் எலுமிச்சை 5 மில்லி விடுங்கள். சப்பென்று இருந்தால் பெரும்பாலும் சோடாவின் குற்றம், பாட்டிலைத் திறந்து நேரமாகியிருக்கும். வாசனையே இல்லையென்றால் புதினா பழசு. இலையைக் கூட்டிப் பயனில்லை, வேறு கட்டு வேண்டும். ஸ்ட்ராவில் இலைத்துணுக்கு அடைத்தால் மூன்றாவது படியைத் திரும்பப் படியுங்கள்.

இலை பறித்தபின் மீந்த தண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். தடிமனான நான்கைந்தைத் தேர்ந்து, கீழ் இலைகளை நீக்கித் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். அகலமான தொட்டியில் நட்டு, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். பங்குனி சித்திரையில் மதிய வெயில் பட்டால் இலை ஓரம் கருகும். மண் காயாமல் தண்ணீர் விட்டு, பூவெடுக்கும் முன் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பக்கக்கிளை அடிக்கும், அடுத்த தடவைக்கான பத்து இலையைப் பறித்த ஐந்தாவது நிமிடத்தில் டம்ளரில் போடலாம்.